கவிழ்க்காத குவளை

அன்று மாலை தூத்துக்குடி பழைய வானிலை நிலையத்தில் இருந்தவர்கள்:

ஜகந்நாதன், சென்னையிலிருந்து வந்த ஆய்வு அதிகாரி.

ஆராவமுதன், மழையும் காற்றும் அளக்கிறவன். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

ரோச், கடற்கரைக் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவன். திரேஸ்புரத்துக்காரன்.

காசிலிங்கம், ஆராவமுதனுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று அதிகாரி அவரைச் சாத்தான்குளத்திலிருந்து வரவழைத்திருந்தார்.

வேறு யாரும் இல்லை. மதியத்திலிருந்து அந்த நான்கு பேரும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். நிலையமே ஒரே அறைதான். ஒரு கதவு, ஒரு ஜன்னல், இரண்டும் கடலைப் பார்த்தவை. யாரும் வெளியே போகவில்லை, யாரும் உள்ளே வரவில்லை, மழை ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை.

ஆனால் ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த அளவுக் குவளை நனைந்திருந்தது.

ஆராவமுதன்தான் முதலில் பார்த்தான். காலையில் அதைத் துடைத்துக் கவிழ்த்தவன் அவன். இப்போது கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்கத் துளித்துளியாக நீர் நின்றது. தூக்கிப் பார்த்தபோது சிமெண்டில் ஒரு ஈர வளையம் கிடந்தது. விரலில் பட்ட தண்ணீர், கார்த்திகை மாத வெக்கையில் இருக்க வேண்டிய சூட்டில் இல்லை. கிணற்றின் அடியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அதிலிருந்து ஒரு வாடை வந்தது. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் அந்த வளாகத்தில்தான் சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்களாம். மழைக்காலத்தில் மண்ணிலிருந்து எப்போதாவது அந்த வாடை கிளம்பும். அவன் குவளையை மறுபடியும் கவிழ்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது சாக்குப் போலத் தோன்றும். ஏற்கெனவே அவன்மேல் போதுமான சந்தேகம் இருந்தது.

விஷயம் இதுதான். புதுத் துறைமுகம் வந்ததும் அங்கே ஒரு புது வானிலை நிலையம் வைத்தார்கள். பழையதை உடனே மூடிவிட முடியாது. இரண்டு மழைக்காலம் இரண்டு இடத்திலும் அளந்து, இரண்டு கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகுதான் மூட வேண்டும். பார்த்தார்கள். பழைய நிலையத்து மழைமானி எப்போதும் கூடுதலாகக் காட்டியது. புது நிலையத்தில் தூறல் என்றால் இங்கே மழை. அங்கே மழை என்றால் இங்கே வெள்ளம். அங்கே ஒன்றுமே இல்லாத நாட்களிலும் இங்கே மானிக்குள் தண்ணீர் இருந்தது. ஆராவமுதன் இருந்ததை இருந்தபடி எழுதினான். ஒருவன் மழையை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதுகிறான் என்று சென்னையில் முடிவு கட்டிவிட்டார்கள். அதை நேரில் உறுதி செய்யத்தான் ஜகந்நாதன் வந்திருந்தார். உறுதியானால் ஆராவமுதன் மறுநாள் சொந்த ஊரான ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். திருட்டுக் கணக்கு எழுதியவன் என்ற பெயரோடு.

ஜகந்நாதன் கெட்டவர் இல்லை. நாங்குநேரியில் பிறந்து ஊர் ஊராக மழை அளந்தவர். காலையிலிருந்து மானியின் வாயை அளந்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். மதியத்துக்கு முன் அதை முழுக்கக் கவிழ்த்துத் துடைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சிம்லாவுல நாலு வருஷம் இருந்தேன், ஓய்," என்றார் நாற்காலியில் சாய்ந்தபடி. "பனிய உருக்கி அளக்கணும். காத்தடிச்சா பாதிப் பனி மானிக்குள்ள விழாமப் பறந்து போயிடும். சிம்லாக் கணக்கும் முசௌரிக் கணக்கும் வச்சுண்டு ரெண்டு பேர் சண்டையே போடுவா. ஆனா ஒண்ணு. பனியோ மழையோ, எந்த மானியும் குறைச்சுத்தான் காட்டும். கூட்டிக் காட்டற மானிய என் சர்வீஸ்ல பாத்ததில்லை. உம்மதுதான் முதல்."

"நான் எதையும் கூட்டலை சார்."

"நீர் கூட்டலை. மானி கூட்டறது. அப்படித்தானே?"

ரோச் சிரித்தான். காசிலிங்கம் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, உம்ம காலத்துலயும் இப்படியா?" என்றார் ஜகந்நாதன்.

"என் காலத்துல ஒழுங்காத்தான் இருந்துச்சு சார்."

"அந்தப் பெரிய புயல் வருஷம் வரைக்கும்," என்றான் ரோச்.

"ஏலே, உன்ட்டயா கேட்டாவ?"

"அந்த வருஷத்துலேருந்துதான் கணக்கு ஏறுது. நானும் பாத்தேன்," என்றார் ஜகந்நாதன். "அப்போ உம்மகூட மழை அளக்க ஒருத்தன் இருந்தானே. மரியான்னு."

"அவன் கொழும்புக்குத் தோணி ஏறிட்டான் சார். புயலுக்கு மறுநாளே. சொல்லாமக் கொள்ளாம."

"செருப்ப விட்டுட்டா போனான்?" ரோச் விடவில்லை. "இந்த வாசல்லதான கெடந்துச்சு."

"தோணிக்காரன் செருப்புப் போட்டுக்கிட்டா ஏறுவான்? கூறுகெட்டவனே."

"அதுவும் சரிதான். எங்கப்பன் முத்துக் குளிக்க எறங்கும்போது மேல கயிறப் புடிக்க மச்சானத்தான் உக்கார வைப்பாராம். சொந்த அக்கா தாலிய எவனும் அறுக்க மாட்டாம்லா. கீழ இருந்து இழுத்தா மேல இருந்து பதில் இழுப்பு வரணும். மரியானுக்குக் கயிறு புடிச்சது யாருன்னுதான் அவன் அம்ம சாவுற வரைக்கும் கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

காசிலிங்கம் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நரம்பைக் கிள்ளினார். வெகுநேரம் அதையே கிள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையத்தில் மழை அளக்க ஒரு முறை உண்டு. மழைக்கு நடுவில் காகிதத்தை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் ஒருவன் வெளியே போய் மானியில் உள்ள தண்ணீரைக் குவளையில் ஊற்றி அளப்பான். இன்னொருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவான். குவளை விளிம்புவரை நிறைந்தால் வெளியே இருப்பவன் "நிறை" என்று கத்துவான். உள்ளே இருப்பவன் ஒரு கோடு போட்டுவிட்டு "நிறை" என்று திருப்பிச் சொல்வான். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் குவளையைக் கவிழ்த்து அடுத்ததை ஊற்ற வேண்டும். பதில் வராமல் கவிழ்க்கவே கூடாது. கவிழ்த்துவிட்டால் அந்த மழை எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு வெளியே இருந்தவன் உள்ளே வந்து கோடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆராவமுதன் சேர்ந்த அன்றே ரோச் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு மழைக்காலத்தில் அது நாக்கில் ஊறிவிட்டது. பஸ்ஸில் தூங்கும்போது பக்கத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால்கூட அவன் வாய் பதில் சொல்லும்.

ஐந்தரை ஆனது. வானம் ஈயம் மாதிரி இருந்தது. கடல் அசையவில்லை. ஜகந்நாதன் சென்னையிலிருந்து கொண்டுவந்த தன் சொந்தக் குவளையைத் துணியிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஒரு சொட்டு இருந்தாலும் உம்ம பேச்ச நம்பறேன், ஓய்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆராவமுதன் ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சிலை எடுத்தான். மானி ஜன்னலுக்கு நேர் எதிரே, கம்பி வேலிக்குள் இருந்தது. அதற்கு அப்பால் இடுப்பளவு கடற்சுவர், சுவருக்கு அப்பால் தண்ணீர். ஜகந்நாதன் குனிந்து பூட்டைத் திறப்பது தெரிந்தது. மூடியைத் தூக்கினார். அசையாமல் நின்றார். பிறகு ஊற்றினார். தடித்த தண்ணீர் கண்ணாடியில் ஏறும் சத்தம் உள்ளே கேட்டது.

"நிறை."

"நிறை," என்றான் ஆராவமுதன். கோடு போட்டான். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இதோ, அவரே பார்த்துவிட்டார். இனி யாரும் அவனைப் பொய்யன் என்று சொல்ல முடியாது.

"நிறை."

"நிறை."

"நிறை."

"நிறை."

ஜகந்நாதன் அதற்குமேல் அளக்கவில்லை. காலிக் குவளையோடு விறுவிறுவென்று உள்ளே வந்தார். அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது.

"பூட்டு போட்டபடியே இருந்தது. சாவி என்கிட்ட. நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு. அது மழையே இல்ல ஓய், கடல் தண்ணி. இன்னும் இருக்கு உள்ள. கொட்டக் கொட்ட இருக்கு. யார் வேலை இது?"

ஆராவமுதன் ஜன்னல் விளிம்பைப் பார்த்தான். ஈர வளையம் மட்டும் இருந்தது. பழைய குவளை இல்லை.

அப்போது வெளியே, வேலிக்கு அருகில், ஒரு குரல் தெளிவாகச் சொன்னது.

"நிறை."

ஜகந்நாதன் கதவோரம் நின்றிருந்தார். ரோச் பெஞ்சில் இருந்தான். காசிலிங்கத்தின் கையிலிருந்த வெற்றிலை தரையில் விழுந்தது.

"சொல்லிராத தம்பி," என்றார் காசிலிங்கம். "பதில் சொல்லிராத."

ஆனால் ஆராவமுதன் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான். அவன் சொன்னதாகவே அவனுக்குத் தெரியவில்லை. வாய் சொன்னது. கை கோடு போட்டது.

வெளியே தண்ணீர் மணலில் கவிழ்கிற சத்தம் கேட்டது. ஒரு குவளைத் தண்ணீர். வெகுகாலமாகக் கை கடுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கடைசியில் கீழே விட்ட மாதிரி, மெதுவாக, சொட்டுவரை.

"முடிச்சிருவான்," என்றார் காசிலிங்கம். குரல் சின்னதாகிவிட்டது. "நீ பதில் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணாக் கவுத்துருவான். முடிச்சா உள்ள வருவான்."

"யாரு உள்ள வருவா?" என்றார் ஜகந்நாதன்.

காசிலிங்கம் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தார். ரோச் அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டு, மறுகையால் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டான்.

"கொழும்புலேருந்து வந்துட்டாம் போல அண்ணாச்சி," என்றான். அதை அவன் கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது கேலி இல்லை. "சார், இவரக் கொண்டுபோய் பஸ்ஸுல ஏத்திட்டு வாரேன். நீங்களும் வந்திருங்க. மாதா சத்தியமாச் சொல்லுதேன், இங்கன இருக்காதிய."

இருவரும் வெளியேறினார்கள். வளாகத்துக் கதவு கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

ஜகந்நாதன் டார்ச்சை எடுத்தார். அவருக்கும் பயம் இருந்தது. ஆனால் சர்வீஸ் முழுக்க ஒரு காரணம் இல்லாமல் எந்த அளவையும் ஒப்புக்கொள்ளாதவர். பயத்தைவிட அந்தப் பழக்கம் பெரியதாக இருந்தது.

"எவனோ சுவர் ஏறி வந்து வெளையாடறான். நான் மானி பக்கத்துலயே நிக்கறேன். மிச்சத் தண்ணியையும் அளந்துடறேன். நான் கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லும். வேற எவன் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதீர்."

"சார், ஒரு சொல்லுதான். எது உங்க குரல்னு..."

"நான் மானிகிட்ட இருப்பேன். கிட்டக்க கேக்கறது நான். புரியறதா?"

புரிந்தது. அவர் போனார்.

இருட்டிவிட்டது. தலைக்கு மேல் மஞ்சள் பல்பு எரிந்தது. அது எரிந்ததால் ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பு மட்டும். டார்ச் வெளிச்சம் ஒருமுறை வேலியில் பட்டு, மணலில் பட்டு, பிறகு எங்கோ திரும்பிப் போனது. சிப்பி அழுகும் வாடை இப்போது அறைக்குள்ளேயே இருந்தது, மேஜை இழுப்பறைக்குள் எதையோ வைத்து மறந்துவிட்ட மாதிரி. கதவின் அடியில் சிமெண்ட் தரை மினுங்கியது. ஆராவமுதன் குனிந்து பார்த்தான். தண்ணீர். ஒரு நூல் தடிமனில், அவசரமே இல்லாமல், உள்ளே வந்துகொண்டிருந்தது.

அலைச் சத்தம் இல்லை. கடல் அலையடிக்காமலே ஏறிக்கொண்டிருந்தது.

"நிறை."

அது தூரத்தில் கேட்டது. கடற்சுவருக்குப் பக்கத்தில். ஆராவமுதன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மானி அங்கே இல்லை. அங்கே நிற்க ஜகந்நாதனுக்கு ஒரு வேலையும் இல்லை.

"நிறை."

இது பக்கத்தில். ஜன்னலுக்கு நேர் எதிரே. கிட்டக்க கேட்பது நான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நிறை," என்றான். கோடு.

தண்ணீர் மணலில் கவிழ்ந்தது.

"நிறை." பக்கத்தில்.

"நிறை."

தூரத்துக் குரல் மறுபடியும் கேட்டது. இந்த முறை அதில் மூச்சு வாங்கியது. சொல்லின் முடிவில் ஒரு கேள்வி இருந்தது. ஆராவமுதனுக்கு மரியானின் அம்மா நினைவுக்கு வந்தாள், அவன் பார்த்தே இராத ஒரு கிழவி. புயல் அன்று காசிலிங்கம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இதே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு குரலைக் கேட்டும் கேட்காமல் இருந்திருப்பார். கதவின் இரும்புத் தாழைப் பார்த்தான். தாழ் துருவேறிப் பருத்திருந்தது. அன்று அதையும் போட்டிருப்பாரோ? தூரத்தில் இருப்பவனுக்கும் ஒரு பதில் சொன்னால் என்ன? வாயைத் திறந்தான். திறக்காதீர் என்றாரே. மூடிக்கொண்டான்.

"நிறை." பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

"நிறை."

"நிறை."

"நிறை."

கோடுகள் தாளின் ஓரம்வரை போயின. எத்தனை என்று அவன் எண்ணவில்லை. வேகம் கூடியது. சொல், பதில், தண்ணீர். சொல், பதில், தண்ணீர். கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல். நடுவில் தூரத்துக் குரல், மெலிந்து, விட்டுவிட்டு. பிறகு அது "ஓய்" என்றது.

பென்சில் நின்றது.

"ஓய், ஆராவமுதன். பதில் சொல்லும் ஓய். தண்ணி ஏறறது."

சுவரோரத்திலிருந்து.

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் ஒரு கை உள்ளே வந்தது. வெளுத்து ஊறிய கை. உள்ளங்கை முழுக்கச் சுருங்கியிருந்தது. விரல்களில் பழைய அளவுக் குவளை இருந்தது. அதை அந்தக் கை ஜன்னல் விளிம்பில், ஈர வளையத்தின் மேல், சரியாகக் கவிழ்த்து வைத்தது.

காலியாக.

அளந்து முடிந்தது.

கை பின்னால் போனது. வெளியே ஈரக் காலடிச் சத்தம். ஒன்று. இன்னொன்று. வேலி. படி.

கதவு திறந்தது. ஆராவமுதன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, அதனால் எல்லாம் தெரிந்தது. உள்ளே வந்தவன் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. வேலை முடித்து வருகிறவனின் நடை. சட்டையிலிருந்து தண்ணீர் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிப்பிகள் கொத்தாகப் பற்றியிருந்தன. சில மெதுவாகத் திறந்து மூடின. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கோடுகளைப் பார்த்தான். ஒவ்வொரு கோட்டின் மீதும் விரலை வைத்து வைத்து எடுத்தான். பென்சிலை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டான்.

ஆராவமுதன் ஓடினான். வாசல் தாண்டியதும் முழங்கால்வரை தண்ணீர். அசையாத, சில்லென்ற தண்ணீர், வளாகம் முழுக்க. வேலி இல்லை, மானி இல்லை, கடற்சுவர் எங்கே என்று தெரியவில்லை. டார்ச் மட்டும் தண்ணீருக்கு அடியில் எரிந்துகொண்டு கிடந்தது. அதன் பச்சை வெளிச்சத்தில் ஜகந்நாதன் நின்றார். நெஞ்சுவரை தண்ணீர். தண்ணீருக்கு மேலே இரண்டு கையாலும் தன் குவளையைத் தூக்கிப் பிடித்திருந்தார். விளிம்புவரை நிறைந்த குவளை. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் ஆராவமுதனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்கவே இல்லை.

"நிறை," என்றார்.

"நிறை!" என்று ஆராவமுதன் கத்தினான். "நிறை சார்! கவுத்திருங்க! நிறை!"

அவர் கவிழ்க்கவில்லை. வெளியே நின்று சொல்வது பதில் ஆகாது. உள்ளே இருப்பவன்தான் சொல்ல வேண்டும்.

ஆராவமுதன் திரும்பினான். ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், அதில் குனிந்த ஒரு தலை. அது எழுந்தது. கதவுப் பக்கம் போனது. அவன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு படியை நோக்கிப் பாய்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே துருவேறிய தாழ், முனகிக்கொண்டு, கடைசிவரை விழுந்தது.